தட்டுல அஞ்சு வௌவால்... வாழ்த்தா, அபசகுனமா? சீன மொழியும் கலை வரலாறும் சேர்த்துப் படிக்கிறவங்க உலகம்!

வெள்ளைப் பீங்கான் தட்டு. நடுவுல பீச் பழங்கள். சுத்தி சிவப்பு நிறத்துல அஞ்சு வௌவால்கள் பறக்குது. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது இந்தத் தட்டைப் பரிசா கொடுத்தா என்ன ஆகும்? "நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு வௌவாலையா கொண்டு வர்றது?"ன்னு பாட்டி முகத்தைத் திருப்பிக்குவாங்க.

சீனாவில் இதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது. அங்கே வௌவாலுக்கான சொல்லில் 'ஃபூ' என்று ஓர் எழுத்து வரும். நல்வாழ்வு, பாக்கியம் என்பதற்கும் 'ஃபூ'தான். எழுதுற விதம் வேற, உச்சரிப்பு ஒண்ணு. அதனால அஞ்சு வௌவால் வரைஞ்சா அஞ்சு பாக்கியம். நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், கடைசியில் நிம்மதியான சாவு. நடுவுல இருக்கிற பீச் பழம், ஆயுள் கெட்டின்னு இன்னொரு தடவை அடிச்சுச் சொல்லுது.

இன்னொண்ணு பாருங்க. குதிரை மேல ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி சின்ன ஜேட் கல் சிற்பங்கள் நிறைய மியூசியங்களில் இருக்கும். பார்த்தா சர்க்கஸ் பொம்மைன்னு தோணும். சீனத்தில் 'குதிரை மேல' என்பதற்கான 'மா ஷாங்' என்ற சொல்லுக்கே 'உடனடியா' என்றும் அர்த்தம் உண்டு. குரங்குக்கான 'ஹோ', உயர்ந்த பிரபு பதவி ஒன்றின் பெயரோடு ஒலியில் ஒத்துப்போகும். ஆக அந்தப் பொம்மை சொல்றது, 'சீக்கிரமே உனக்குப் பெரிய பதவி கிடைக்கட்டும்!' வேலைக்குப் போற பையனுக்குக் கொடுக்கிற பரிசு. நம்ம காளமேகப் புலவர் பாட்டுல பண்ண சிலேடையை, அவங்க கல்லுலயும் களிமண்ணுலயும் பண்ணியிருக்காங்க.

கண் மட்டும் போதாது, மொழியும் வேணும்னு புரியுதா? இதுக்காகத்தான் சில பல்கலைக்கழகங்களில் கலை வரலாறு, சீனவியல் ரெண்டையும் ஒரே டிகிரியா சேர்த்துப் படிக்கிறாங்க. "ரெண்டுமே வேலை கிடைக்காத சப்ஜெக்ட், அதுல ரெண்டையும் சேர்த்தா?"ன்னு உங்க சித்தப்பா கேட்கிறது எனக்குக் கேட்குது. அதுக்கும் வருவோம். முதல்ல இந்த ரெண்டும் ஏன் ஒண்ணுக்கொண்ணு தேவைன்னு பார்ப்போம்.

ஒரு ஜோடி ஜாடியும் 60 எழுத்துகளும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95-ம் எண் அறைக்குப் போனா, சுமார் 63 செ.மீ உயரத்தில் ரெண்டு நீல - வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் நிற்கும். டிராகன், ஃபீனிக்ஸ், யானைத்தலைக் கைப்பிடின்னு அலங்காரத்துக்குக் குறைவே இல்லை. உலகத்திலேயே ரொம்பப் பிரபலமான சீன ஜாடிகள்னு இவற்றைச் சொல்வாங்க. காரணம் அலங்காரம் இல்லை. கழுத்துப் பகுதியில் வாழை இலை அலங்காரத்தோடு சேர்த்து எழுதியிருக்கிற சுமார் 60 எழுத்துகள்.

அதுல என்ன இருக்கு? யூஷான் பகுதியைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்ற பக்தர், தன் குடும்பம் நல்லா இருக்கணும்னு, ஒரு தூபக்கலசத்தையும் ரெண்டு ஜாடிகளையும் கோயிலுக்குக் காணிக்கையா கொடுக்கிறார். நாளும் போட்டிருக்கு. ஜிஜெங் ஆட்சியின் 11-வது ஆண்டு, நாலாம் மாதம், நல்ல நாள். கணக்குப் போட்டா 1351.

நம்ம ஊர் கோயில் டியூப்லைட்ல 'உபயம்'னு எழுதுற மாதிரிதான். ஆனா இந்த உபய வரி பீங்கான் வரலாற்றையே மாத்திடுச்சு. 14-ம் நூற்றாண்டில் இவ்வளவு தேர்ந்த நீல - வெள்ளைப் பீங்கான் இருந்திருக்கும்னு அதுவரை பலர் நம்பவே இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆர்.எல்.ஹாப்சன் 1929-ல் இந்த ஜாடி பற்றி எழுதினார். அப்புறம் 1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்த ஜாடிகளை அளவுகோலா வெச்சுக்கிட்டு, இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையிலும் ஈரானின் ஆர்தபில் தர்காவிலும் இருந்த பீங்கான்களை ஒப்பிட்டார். அதே அலை, அதே டிராகன் நகம், அதே இலை. 'இதெல்லாமும் அதே காலம்தான்' என்று ஒரு பெரிய தொகுப்பையே அடையாளம் காட்டினார். தேதியைக் கொடுத்தது எழுத்து. அந்தத் தேதியை மத்த பாத்திரங்களுக்கு எடுத்துட்டுப் போனது கண். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு பாதியிலேயே நின்னிருக்கும்.

இந்த ஜோடியைச் சேர்த்தவர் சர் பெர்சிவல் டேவிட். 1892-ல் பம்பாயில் பிறந்தவர்! வேற வேற சேகரிப்புகளில் பிரிஞ்சு கிடந்த ரெண்டு ஜாடிகளையும் வாங்கி ஒண்ணு சேர்த்தார். பணக்காரர் பொழுதுபோக்குன்னு நினைச்சுடாதீங்க. பாத்திரத்தில் எழுதியிருக்கிறதைத் தானே படிக்கணும்னு சீனம் கத்துக்கிட்டவர். பழம்பொருள்களைத் தரம் பார்ப்பது எப்படின்னு மிங் காலத்தில் எழுதப்பட்ட ஒரு நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் இறந்த பிறகு 1971-ல் அது வெளிவந்தது. தன் சேகரிப்பை 1950-ல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துட்டார். மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிக்கணும்ங்கிறதுதான் எண்ணம். 2009-லிருந்து அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. அந்த மூணாவது பொருளான தூபக்கலசம் மட்டும் இன்னும் கிடைக்கவே இல்லை.

எழுத்து பொய் சொன்னா?

'அப்போ சீனம் மட்டும் படிச்சா போதுமே, கலை வரலாறு எதுக்கு?' நியாயமான கேள்வி.

2014-ல் ஹாங்காங் ஏலத்தில் ஒரு குட்டிக் கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோச்சு. விட்டம் 8 செ.மீ-தான் இருக்கும். மேல சேவல், கோழி, குஞ்சுகள். வாங்கின ஷாங்காய் கோடீஸ்வரர் லியூ யிச்சியன் அதுல டீ ஊத்திக் குடிச்ச போட்டோ வைரலாச்சு. கிண்ணத்தின் அடியில் 'மகா மிங் வம்சம், செங்ஹுவா ஆட்சியில் செய்தது' என்கிற பொருளில் ஆறு எழுத்துகள் இருக்கும். செங்ஹுவா, 15-ம் நூற்றாண்டுப் பேரரசர்.

இப்போ அதே ஆறு எழுத்து இருக்கிற இன்னொரு பாத்திரம் உங்க கைக்கு வருது. சீனம் தெரிஞ்ச நீங்க டக்குனு படிச்சுட்டு, 'ஆஹா, செங்ஹுவா!'ன்னு துள்ளிக் குதிச்சா, முடிஞ்சது கதை. ஏன்னா, 200 ஆண்டுகளுக்குப் பிறகு காங்ஷி பேரரசர் காலத்துப் பீங்கான்களிலும் இதே ஆறு எழுத்தை ஏராளமா எழுதியிருக்காங்க. எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது. பழைய காலத்து வேலைப்பாட்டுக்குச் செலுத்தின மரியாதையாகவும் அப்படிப் போட்டிருக்காங்க. களிமண் எவ்வளவு வெள்ளை, மெருகு எப்படி ஓடியிருக்கு, அடிவளையம் எப்படிச் செதுக்கியிருக்கு, நீலம் எந்தச் சாயலில் இருக்கு... இதையெல்லாம் பார்த்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். அது கலை வரலாற்று வகுப்பில் கைக்கும் கண்ணுக்கும் கிடைக்கிற பயிற்சி. படிக்கத் தெரிஞ்சவனைத்தான் எழுத்து ஈஸியா ஏமாத்தும்!

நாம விரல்ல பண்ற 'ஸ்க்ரோல்', அங்கே கையால!

சீன ஓவியம்னா சுவத்துல மாட்டுறதுன்னு நினைக்கிறோம். பல முக்கியமான ஓவியங்கள் சுருள் வடிவில் இருக்கும். வலது பக்கம் இருந்து இடது பக்கமா, ஒரு கை அகலம் விரிச்சுப் பார்த்து, அந்தப் பகுதியைச் சுருட்டிக்கிட்டே அடுத்த பகுதியைத் திறக்கணும். மொத்தமும் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் கிடைக்காது. நாம ராத்திரி போர்வைக்குள்ள பண்ற ஸ்க்ரோலிங்தான், கொஞ்சம் மெதுவா. இதுல சுவாரஸ்யம், கமென்ட்ஸும் உண்டு! ஓவியம் முடிஞ்சதும் அதைப் பார்த்தவங்க, வெச்சிருந்தவங்க எல்லாரும் தங்கள் கருத்தை எழுதி, சிவப்பு முத்திரை குத்திடுவாங்க. நூறு நூறு ஆண்டுகளா அந்த வரிசை நீண்டுக்கிட்டே போகும். ஓவியம் யார் யார் கை மாறியதுங்கிற ஆவணமே அதுதான்.

இதுக்கு ஓர் உதாரணம் சொன்னா, ரெண்டு பாடத்துலயும் கரைகண்டவங்களே எப்படிச் சறுக்குவாங்கன்னு தெரியும். ஹுவாங் கோங்வாங் என்ற ஓவியர், கிட்டத்தட்ட 80 வயதில், 1347-ல் 'ஃபூச்சுன் மலைகளில் வாசம்' என்ற சுருளை வரையத் தொடங்கினார். 1350-ல் அதன் கடைசியில் அவரே ஒரு குறிப்பு எழுதியிருக்கார். மூணு, நாலு வருஷமாச்சு, ஊர் ஊரா சுத்துறதால இன்னும் முடியலை. நண்பர் வூயோங், வேற யாராவது தந்திரமா பறிச்சுட்டுப் போயிடுவாங்களோன்னு பயப்படுறார். அதான் முடிக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் குறிப்பை எழுதச் சொல்றார். இதுதான் சாராம்சம். இதைப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அது மலை, ஆறு, மரம். படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு, ஒரு கிழவருக்கும் அவரை நச்சரிக்கிற நண்பருக்கும் நடுவில் நடக்கிற கதையும் சேர்ந்து கிடைக்குது.

நண்பர் பயந்தது வீண் போகலை. கை மாறிக் கை மாறி, 1650-ல் வூ ஹோங்யூ என்பவரிடம் இருந்தது. சாகுற நேரத்துல அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்குத் துணையா இந்தச் சுருளையும் எரிச்சுடுங்க!' தீயில் போட்டாங்க. அவர் அண்ணன் - தம்பி வழி மகன் ஒருவர் பாய்ஞ்சு, வேறொரு சுருளைத் தீயில் போட்டுட்டு இதை இழுத்தார். அதற்குள் ரெண்டு துண்டா போயிடுச்சு. சுருட்டின நிலையில் தீப்பட்டதால், சீரான இடைவெளியில் எரிஞ்ச தடம் இன்னிக்கும் தெரியும். சின்னத் துண்டு சீனாவின் ஹாங்ஜோ நகரில் இருக்கு. பெரிய துண்டு தைவானின் தைபேயில். 2011-ல்தான் தைபேயில் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க.

நடுவுல ஒரு கூத்து. 18-ம் நூற்றாண்டில் சியன்லோங் பேரரசர் அரண்மனைக்கு, இந்த ஓவியத்தின் ஒரு போலி முதலில் வந்து சேர்ந்தது. அதுதான் அசல்னு நம்பிட்டார். ரொம்பப் பிடிச்சுப்போய் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, 50-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அதுமேலேயே எழுதித் தள்ளினார். அடுத்த வருஷமே, 1746-ல், அசல் வந்தது. அதைப் பார்த்துட்டு, 'நல்லாதான் இருக்கு, ஆனா இது போலி'ன்னு சொல்லிட்டார். அதையே ஓவியத்துலயும் எழுதவும் வெச்சார். அதனால அசலின் வெற்றிடம் பேரரசரின் பேனாவிலிருந்து, மன்னிக்கணும், பிரஷ்ஷிலிருந்து தப்பிச்சது. சீனத்தில் நல்ல புலமை, பிரமாண்டமான ஓவியச் சேகரிப்பு, கூடவே ஆலோசகர் கூட்டம். அவருக்கே இந்தக் கதின்னா, செகண்ட் இயர் ஸ்டூடன்ட் ஒரு முத்திரையைத் தப்பா படிச்சதுக்கு அழ வேண்டியதில்லை.

வகுப்புல என்ன நடக்கும்?

பொதுவா இந்த இணைப்புப் படிப்பு நாலு வருஷம் போகும். அதுல ஒரு வருஷம் சீனாவிலோ தைவானிலோ மொழி படிக்கிறது. லண்டனில் 'சோவாஸ்'னு எல்லாரும் சொல்ற கீழைநாட்டு, ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனம் இந்தத் துறைக்குப் பேர்போன இடம். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிழக்காசியக் கலை வரலாறுக்கே தனித் துறை இருக்கு.

முதல் வருஷம் பாதி நேரம் மொழிதான் தின்னும். நாலு தொனிகள். 'ஹுவா'ன்னு சமமா நீட்டிச் சொன்னா பூ. அதையே மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னா ஓவியம். அதே இறங்கு தொனியில் இன்னொரு எழுத்து இருக்கு, அதுக்குப் பேச்சுன்னு அர்த்தம். ஓவியமும் பேச்சும் காதுக்கு ஒண்ணுதான்! இது தற்செயலான ஒலி ஒற்றுமை. ஆனா, தற்செயல் இல்லாத ஒண்ணும் இருக்கு. படித்த வர்க்கத்து ஓவியர்கள் பலர், தங்கள் மூங்கில் படத்தில் 'இன்னார் வரைந்தது'ன்னு போடாம 'இன்னார் எழுதியது'ன்னு கையெழுத்துப் போடுவாங்க. அதே பிரஷ், அதே மை, அதே மணிக்கட்டு. எழுதுறதும் வரையறதும் அவங்களுக்கு ஒரே வேரில் வந்தது. இந்த ஒரு வினைச்சொல் புரிஞ்சா, மூங்கில் இலையைப் பார்க்கிற பார்வையே மாறிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீன டிராமாவை சப்டைட்டில் இல்லாம பார்க்கிற அளவுக்கு மொழி வந்தாலும், ஓவியத்தில் இருக்கிற குறிப்பைப் படிச்சிட முடியாது. சினிமாத் தமிழ் தெரிஞ்சா தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படிச்சிடுவோமா என்ன? அந்தக் குறிப்புகள் செவ்வியல் சீனத்தில் இருக்கும். நிறுத்தற்குறி கிடையாது. 6-ம் நூற்றாண்டில் ஷியே ஹே என்ற விமர்சகர் ஓவியத்துக்கு ஆறு விதிகள் சொன்னார். முதல் விதி நாலே எழுத்து. உயிர்மூச்சு, ஒத்திசைவு, பிறப்பு, அசைவு. இதுல எங்கே மூச்சு விட்டுப் படிக்கணும், எது எதைச் சேர்ந்ததுன்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு வேற விதியே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிற மாணவர், யாரோ ஒருத்தர் எடுத்த முடிவைத்தான் சீன அழகியல்னு நம்பிட்டு இருப்பார்.

எழுத்து வடிவங்கள் இன்னொரு தலைவலி. முத்திரைகளில் 2,000 ஆண்டுப் பழைமையான வடிவம். வேகமா எழுதுறதுக்கு 'புல் எழுத்து'ன்னு ஒண்ணு இருக்கு. டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனே தோத்துடும். தேதி பார்க்கிறது மட்டும் நமக்குச் சுலபமா புரியும். பிரபவ, விபவன்னு நம்மகிட்ட 60 ஆண்டுச் சுழற்சி இருக்கிற மாதிரி அவங்ககிட்டயும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. ஓவியர் அந்தப் பேரை மட்டும் எழுதிட்டுப் போயிட்டா, இந்த 60-ஆ, முந்தின 60-ஆன்னு நாமதான் மண்டையை உடைச்சுக்கணும். அங்கேயும் கைகொடுக்கிறது காகிதம், மை, தீட்டின விதம். மறுபடியும் கண்.

என் தனிப்பட்ட யோசனை ஒண்ணு. ரெண்டுல எதை முதல்ல தொடங்கலாம்னு குழப்பம் இருந்தா, மொழியைத் தொடங்கிடுங்க. கலை வரலாறைப் 25 வயசுலயும் பிடிச்சிடலாம். 3,000 எழுத்தை மனசுல ஏத்துறதுக்கு 18 வயசுதான் லாபம். முடிஞ்சா எளிமையாக்கப்பட்ட எழுத்தோடு, தைவானில் புழங்குற மரபு எழுத்தையும் படிங்க. பழைய பொருள்களில் இருப்பது மரபு எழுத்துதான்.

படிக்கத் தெரியாம அள்ளிட்டுப் போனவர்

இந்தப் படிப்பில் தவிர்க்கவே முடியாத ஒரு பாடம் துன்ஹுவாங். வடமேற்குச் சீனப் பாலைவனத்தில் இருக்கிற பௌத்தக் குகைகள். அங்கே 1900-ல் வாங் யுவான்லு என்ற தாவோ துறவி, சுவருக்குப் பின்னால் அடைச்சு வெச்சிருந்த ஓர் அறையைக் கண்டுபிடிச்சார். உள்ளே ஆயிரக்கணக்கான சுவடிச் சுருள்கள், பட்டு ஓவியங்கள். 1907-ல் வந்தார் ஆரல் ஸ்டைன். அவருக்குச் சீனம் தெரியாது. உதவியாளரை நம்பி, வாங்கிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, பெட்டி பெட்டியா ஏத்தினார். அதுல கி.பி. 868-ன் அச்சு நூலான 'வைர சூத்திரம்' மாதிரி பொக்கிஷமும் இருந்தது. ஒரே சூத்திரத்தின் பிரதிகள் திரும்பத் திரும்பவும் இருந்தது. அடுத்த வருஷம் வந்தவர் பிரான்ஸின் போல் பெல்லியோ. சரளமா சீனம் பேசுவார், படிப்பார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் குகைக்குள்ளேயே உட்கார்ந்து, சுமார் மூணு வாரம் ஒவ்வொண்ணா புரட்டி, அரிதானதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். மொழி தெரிஞ்சதோட வித்தியாசம் அது.

ஆனா கதை அங்கே முடியலை. சீனாவின் பார்வையில் ரெண்டு பேருமே கொள்ளைக்காரங்கதான். எனக்கும் அந்தக் கோபம் நியாயம்னுதான் படுது. வகுப்பில் இந்த விவாதம் வராம இருக்காது. யாருடைய பொருள், யார் எடுத்தது, எந்த ரசீதோடு, இப்போ எங்கே இருக்கணும்? ஒரு பொருள் கை மாறிய வரலாற்றைத் தேடி எடுக்கிறது இன்னிக்கு மியூசியங்களில் தனி வேலையாவே வளர்ந்திருக்கு. நமக்கும் இதுல பங்கு உண்டு. ஸ்டைனின் அந்தப் பயணச் செலவில் பெரும் பகுதியைக் கொடுத்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. அதனால்தான் துன்ஹுவாங் பட்டு ஓவியங்கள் சில டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. லண்டன் போக வேண்டியதில்லை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போதும்.

தமிழ் தெரிஞ்சா போனஸ்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிற்குது. மேல ரெண்டு டிராகன் செதுக்கி, கீழே மூணு மொழிகள். 1409 தேதியிட்டு, செங் ஹே தலைமையிலான சீனக் கடற்படை இலங்கைக்குக் கொண்டு வந்தது. 1911-ல் காலியில் கிடைச்சது. சீனப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழ்ப் பகுதியில் தேனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரைக் கோயிலின் திருமாலுக்கு. பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒண்ணுதான். சீனம் மட்டும் படிச்சவர் 'பௌத்த பக்தி'ன்னு கட்டுரை எழுதிடுவார். மூணையும் படிச்சவருக்குத்தான், ஒரே கல்லில் மூணு கூட்டத்துக்கும் வணக்கம் வெச்ச ராஜதந்திரம் தெரியும்.

சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்திலும் இதுபோல ஒண்ணு. 1281-ல் அங்கே சிவன் கோயில் அமைச்சதைச் சொல்ற தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. அந்த ஊர் கையுவான் பௌத்தக் கோயிலின் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இருக்காங்க, வேறொரு இந்துக் கோயிலிலிருந்து எடுத்து நட்ட தூண்கள். இந்தப் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைச்சிருக்கு. டேவிட் ஜாடி இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே காலம். தமிழும் தெரிஞ்சு, சீனமும் தெரிஞ்சு, ஓட்டை உத்துப் பார்த்துக் காலம் சொல்லவும் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க? விரல் விட்டு எண்ணிடலாம்.

சரி, சித்தப்பாவுக்கு என்ன பதில்?

நேர்மையா சொல்லணும்னா, கேம்பஸ் பிளேஸ்மென்ட் கிடையாது. மியூசியம் க்யூரேட்டர், ஏல நிறுவனத்தின் நிபுணர், சேகரிப்புகளின் பின்னணி ஆய்வு, கலைநூல் மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழக ஆய்வு... இதுதான் நேரடிப் பாதைகள். எல்லாமே இடம் குறைவு, பலதுக்கு முதுகலை அல்லது முனைவர் பட்டம் கேட்பாங்க. முனைவர் பட்டம்னா பல இடங்களில் ஜப்பானியமும் படிக்கத் தெரியணும். சீனக் கலை பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல ஜப்பானியத்தில் இருக்கிறதுதான் காரணம். கைவசம் இருக்கிற காப்பீடு, மொழி. கலைத் துறையில் வேலை அமையலைன்னாலும், நல்லா சீனம் தெரிஞ்சவங்களுக்கு வர்த்தகம், மொழிபெயர்ப்பு, சுற்றுலான்னு வேற கதவுகள் திறக்கும். கலை வரலாறு மட்டும் படிச்சவருக்கு அந்தக் கதவு இல்லை. இந்த இணைப்பை நான் ஆதரிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு? பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வருஷக் கட்டணமே பல லட்சம். ஹைடல்பெர்க்கில் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, ஆனா ஜெர்மன் மொழி வேணும். சீன அரசின் உதவித்தொகையும், தைவானில் மொழி படிக்க 'ஹுவாயூ' உதவித்தொகையும் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் விதிமுறையைப் பார்த்துட்டு விண்ணப்பிங்க.

வெளிநாடு வேண்டாம்னா, மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனைப் பாருங்க. விஸ்வபாரதியில் 1919-ல் தொடங்கின கலா பவனும், 1937-ல் தான் யுன்ஷான் முயற்சியில் உருவான சீன பவனும் ஒரே வளாகம். கலா பவனில் கலை வரலாறு தனித் துறை, சீன பவனில் சீன மொழிப் பட்டம். ரெண்டையும் ஒரே பட்டமா சேர்த்துத் தர மாட்டாங்க. இளங்கலையை ஒண்ணுலயும் முதுகலையை இன்னொண்ணுலயும் முயற்சி பண்ணலாம், சேர்க்கைத் தகுதியை முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க. சீன பவன் சுவர்களில் நந்தலால் போஸும் வினோத் பிஹாரி முகர்ஜியும் 1942-ல் வரைஞ்ச ஓவியங்கள் இருக்கு. சீனாவின் பெரிய ஓவியர் ஷு பெய்ஹோங் 1940-ல் சாந்திநிகேதனில் தங்கி, தாகூரை நேரில் பார்த்து வரைஞ்சிருக்கார்.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு குட்டி டெஸ்ட். அடுத்த முறை சைனீஸ் ரெஸ்டாரன்ட்டுக்குப் போனா சுவரைப் பாருங்க. சிவப்புக் காகிதத்தில் ஒரே ஓர் எழுத்து, பெரிசா தொங்கும். நம்ம பழைய நண்பர் 'ஃபூ'தான். பல இடங்களில் அது தலைகீழா இருக்கும். தலைகீழ் என்பதற்கான 'தாவ்', வந்து சேர்ந்தது என்பதற்கான 'தாவ்' மாதிரியே ஒலிக்கும். 'பாக்கியம் வந்தாச்சு'ன்னு அர்த்தம். தப்பா மாட்டிட்டாங்கன்னு நினைச்சு, எழுந்துபோய் நேராக்கிடாதீங்க பாஸ்!